பெயருக்குப் பின்னால்

என் கைப்பேசியில் யாருக்கும்
வெறும் பெயர் இல்லை.
ஹெப்சிபா பெருங்குடி.
கஜபதி டெஸ்டிங்.
மோகனரங்கம் சம்பளப் பிரிவு.
இரண்டாம் மாடி லிஃப்ட் என்று ஒருவர்,
பெயர் கேட்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

கஜபதி டெஸ்டிங்கை விட்டு ஆறு வருடம்,
கேளம்பாக்கத்தில் மீன்தொட்டி விற்கிறார்.
ஹெப்சிபா பெருங்குடியிலிருந்து
டொராண்டோவுக்குப் போய்விட்டாள்.
நான் மாற்றவில்லை.
மாற்றினால் தேடும்போது
எனக்கே கிடைக்கமாட்டார்கள்.

பிப்ரவரியில் வேலை போனது.
பதினோரு வருட அடையாள அட்டையை
வரவேற்பறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில்
போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.
உள்ளே ஏற்கெனவே இருபது முப்பது முகங்கள்
ஒன்றின்மேல் ஒன்று,
எல்லாம் சேர்ந்த நாளில் எடுத்த சிரிப்பு.

அன்றிரவு எழுபத்திரண்டு பேருக்கு அனுப்பினேன்.
நலமா என்று தொடங்கி
மூன்றாம் வரியில் வேலைக்கு வந்துவிடும் செய்தி.
பொங்கல் எப்படிப் போச்சு என்றும் கேட்டிருந்தேன்.
பொங்கல் முடிந்து மூன்று வாரம்.
ஒன்பது பதில்,
அதில் நான்கு கும்பிடும் கை.

ஆள் பிடி என்றார்கள்.
தெரிஞ்சவங்க மூலமா போனாத்தான் உண்டு,
மெயிலில் போடுவதை எவன் திறக்கிறான்.
நந்தம்பாக்கத்தில் ஒரு தொழில் சந்திப்பு,
நுழைவு எண்ணூறு ரூபாய்.
கழுத்தில் நாடா, கையில் காகிதக் கோப்பை.
'நீங்க எங்க இருக்கீங்க?'
ஆதம்பாக்கம் என்றேன்.
அவர் கேட்டது அதை இல்லை.

நான்கு முறை தள்ளிவைத்து
ஐந்தாம் முறை கோதண்டபாணி சார் வந்தார்,
தேனாம்பேட்டையில், காபிக்கு.
என் கீழ் வேலை பார்த்தவர்களெல்லாம்
இப்போது அவர் கீழ்.
நன்றாகத்தான் பேசினார்.
பிள்ளை படிப்பு, வெயில், மெட்ரோ தோண்டிய ரோடு.
'உங்க நம்பர் இருக்கான்னு தெரியல,
ஒரு மிஸ்டு கால் கொடுங்க.'
கொடுத்தேன்.
மேசையில் அவர் போன் வெளிச்சமானது.

பிழை பார்த்தே பிழைத்தவள் நான்.
தலைகீழாக இருந்தாலும் படித்துவிடுவேன்.
வேலை கேக்கற லேடி எடுக்காதே.

போனைக் கவிழ்த்து வைத்தார்.
'இருக்கு, இருக்கு' என்றார்.
காபியில் ஆடை படிந்திருந்தது,
விரலால் எடுத்து டபராவில் போட்டேன்.
பில்லை அவர் எடுத்தபோது
வழக்கம்போல் கையை நீட்டவில்லை.

ரயிலில் உட்கார்ந்து கோபப்படத்தான் நினைத்தேன்.
பட்டியலைத் திறந்தது வேறெதற்கோ.
'எ'வில் வந்து நின்றது.
எடுக்காதே லோன்.
எடுக்காதே இன்சூரன்ஸ்.
எடுக்காதே ரெஸ்யூமே பையன்.

மழைநாள், சோழிங்கநல்லூர் சிக்னல், ஷேர் ஆட்டோ.
நனையாமல் இருக்கச் சட்டைக்குள் ஃபைலை வைத்திருந்தான்.
பார்க்கறேன்பா என்று சொல்லி
நம்பரை வாங்கிக்கொண்டவள் நான்தான்.
ஏழு முறை கூப்பிட்டிருக்கிறான்.
எட்டாவது இல்லை.

சைதாப்பேட்டை தாண்டி
ரயில் மண்ணை விட்டு மேலே வந்தபோது
சிக்னலும் வந்தது.
இரண்டாம் மணியில் எடுத்தான்.
'சொல்லுங்க மேடம்.'
உங்க முழுப் பேர் என்ன என்றேன்.
'யுகேந்திரன். இனிஷியல் ப.
ஏன் மேடம், வேலை ஏதாவது இருக்கா?'
எனக்குத்தான் வேணும் என்றேன்.

சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது,
அம்பத்தூராம், நைட் ஷிஃப்டாம்.
'பார்க்கறேன் மேடம்.'

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
என் கடையில் வாங்கிய சரக்கு.
அவன் பார்ப்பானோ என்னவோ.

பழையதை அழித்து
யுகேந்திரன் ப. என்று அடித்தேன்.
பெயருக்குப் பின்னால் கோடு துடித்தது,
அம்பத்தூர் போடு, நைட் ஷிஃப்ட் போடு என்று.
விரலை எடுத்துக்கொண்டேன்.

தலை நிமிர்ந்தபோது ஆலந்தூர் போயிருந்தது.
மீனம்பாக்கத்தில் இறங்கி
வெளியே விடக்
கூடுதலாய்ப் பத்து ரூபாய் கேட்டார்கள்.
சில்லறையாக இருந்தது.