மூன்றாம் கியர்

ஜாக்கியை நம்பாதே, மரக்கட்டையை நம்பு:
கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது.
எழுதியது நான்.
போன மார்ச்சில் தாலிஸின் இரண்டு விலா எலும்புகள்
சொல்லிக்கொடுத்த பாடம்.

விவாகரத்தில் அவனுக்குப் படகு, எனக்கு வீடு.
வண்டியை மட்டும் நீதிபதி கண்டுகொள்ளவில்லை.
ஆகவே அவன் ஓட்டுகிறான்,
பக்கத்தில் அமர்ந்து நான் வழி வாசிக்கிறேன்.
மதோனாவில் இப்போதெல்லாம் இதற்கு யாரும் சிரிப்பதில்லை.

முப்பத்தொரு வயது சுபாரு.
ஜெர்மனியில் ஒரு பல் டாக்டரைச் சுமந்து
லிதுவேனியாவில் மூன்று கை மாறி
எங்களிடம் வந்தபோது
கம்பளத்தைத் தூக்கினால் கீழே பனி தெரிந்தது.
டிராக்டர் மட்கார்டை வெட்டி ஒட்டுப் போட்டேன்.
வெல்டிங்கில் பொசுங்காமல் மிஞ்சிய நீலம்
இன்னும் என் குதிகாலுக்கு அடியில்.

ஜனவரி ஒன்பது. கியர் எண்ணெயை வடித்தோம்.
மூடியின் காந்தத்தில்
மூன்றாம் கியரின் பல் ஒன்று ஒட்டி வந்தது.
"பல் டாக்டர் வண்டியாச்சே" என்றான்.
நான் சிரிக்கவில்லை.
போட்டி பதினெட்டாம் தேதி.

அலூக்ஸ்னே பக்கம் எல்க் மான் மோதி
முகம் நசுங்கிய இன்னொரு சுபாரு;
அதன் கியர்பாக்ஸை விற்றவர் மியர்வால்திஸ்.
இருநூறு யூரோ, புகைபோட்ட மீன் ஒன்று.
மீன் நாய்க்கு என்றார்.
நாய் எங்கும் தென்படவில்லை.

விலா இன்னும் சேராதவன் விளக்குப் பிடிக்க
மல்லாந்து படுத்து நான் ஏற்றினேன்.
ஒரு விரற்கடை மிச்சம் வைத்து
மூன்று மணி நேரம் முரண்டு பிடித்தது.
கழுத்தில் எண்ணெய், காதில் எண்ணெய்.
லத்விய வசவெல்லாம் தீர்ந்து
ரஷ்ய வசவுக்கு மாறிய நேரம்
ஒரு மயிரிழை திரும்பி
ஒன்றுமே நடக்காததுபோல் உள்ளே போனது.

வெளியே எடுத்தோம்.
சிமெண்டுத் தரையில் பத்தடி போவதற்குள்
முனகல்.
டயர்கள் தரையைத் தேய்த்துக் கறுப்புக் கோடு இழுத்தன.
மறுபடி தூக்கி, டயரில் குறி வைத்து
தண்டின் சுற்றுகளை எண்ணினேன்.
பின்னால் மூன்று புள்ளி ஒன்பது.
முன்னால் நாலு புள்ளி ஒன்று.
இரண்டையும் கட்டும் தண்டு ஒன்றுதான்;
இப்படியே ஓடினால்
நடுவில் இருக்கும் இணைப்பு வெந்து சாகும்.

தாலிஸ் வாயைத் திறந்தான்.
உவமை வேண்டாம் என்றேன்.
பதினேழாம் நம்பர் ஸ்பேனரைக் கொடு.

அன்றிரவே மீண்டும் அலூக்ஸ்னே. மைனஸ் இருபத்திரண்டு.
மான் மோதிய வண்டி பாதி பனிக்குள்.
பின் இருக்கையில் குழந்தைக் காலுறை, ஒற்றை.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
தோண்டி, போல்ட்டுகளை நெருப்பில் காய்ச்சி
பின் டிஃபரன்ஷியலைக் கழற்றினோம்.
இருபத்தைந்து கிலோ.
போர்வையில் சுற்றி
வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
மியர்வால்திஸ் இந்த முறை மீன் கேட்கவில்லை.
நாய் வந்து என் கையுறையை முகர்ந்தது.

பதினெட்டு, காலை.
தொடையில் குறிப்பேடு. கயிற்றில் பென்சில்.
இடது நாலு, மேடு தாண்டி வலது மூன்று,
வெட்டாதே, உள்ளே கல்.
வெட்டினான்.
கல் இருந்தது.
டிராக்டர் தகடு தவில்போல் அதிர்ந்தது, கிழியவில்லை.
அவன் கை மூன்றாம் கியருக்குப் போனது.
நான் ஒரு வரி வாசிக்கத் தவறினேன்,
கேட்டுக்கொண்டிருந்தேன்:
சத்தமே இல்லாமல் விழுந்தது.
நான்கு சக்கரமும் ஒரே கணக்கில் பனியைக் கடித்தன.

நாற்பத்தாறு வண்டிகளில் முப்பத்தொன்பதாவது.

இடது முன் ஆக்சிலின் ரப்பர் உறை கிழிந்து
கிரீஸ் சொட்டுகிறது.
அடுத்த போட்டி பிப்ரவரி இருபத்திரண்டு.
தாலிஸ் தன் வீட்டுக்குப் போய்விட்டான்.
மரக்கட்டையை ஒருமுறை உதைத்துப் பார்த்துவிட்டு
விளக்கோடு அடியில் நுழைகிறேன்.