சத்தம் சேர்க்கிறவன்

அறுபத்து மூன்றாம் நிமிடத்தில்
துப்பாக்கிச் சத்தம் வேண்டும் என்கிறான் மயூரேஷ்.
படம் அவனுடையது. திரையில் நிற்பது
ஹில்டா ரெபெல்லோ எடுத்தது:
ஆண்டாப் ஹில், எண்பத்தெட்டு, சந்துக் குழாயடி.
குப்புறக் கிடக்கிறவனின் ஒற்றைச் செருப்பு
அவனைவிடக் கொஞ்சம் முன்னால் போயிருக்கிறது.

நான்கு துப்பாக்கிகளைப் போட்டுக்காட்டினேன்.
நான்கையும் வேண்டாம் என்றாள் ஹில்டா.
எழுபத்தொன்பது வயது. மஜ்காவ் வீட்டில்
மூட்டுவலித் தைலம் மணக்க உட்கார்ந்திருந்தாள்.
"நான் போய்ச் சேரும்போது சுட்டு முடித்திருப்பார்கள், பேட்டா.
ஒருநாளும் அதை நான் கேட்டதில்லை."

வேறு என்ன கேட்டது?

மாடியில் குக்கர். மூன்று விசில்.
தள்ளி நிற்கச் சொன்ன கான்ஸ்டபிள்
பெயர் சொல்லித்தான் சொன்னான்
(வாரம் ஒருமுறை பார்த்தால் பழகிவிடும்).
குழாயை யாரும் மூடவில்லை,
வருவதே அரைமணி நேரம்.

ஒரு படத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
முகம் தெரிந்தால் இருபத்தைந்து.
இவன்மேல் போர்த்தியிருந்தது நேற்றைய பேப்பர்,
அதில் முந்தாநாள் செத்தவன், அவள் எடுத்தது.
அவனை விலக்கிவிட்டுத்தான் இவனை எடுத்தாள்.
இதைப் படத்தில் வைக்காதே என்றாள்.
மயூரேஷ் டிரெய்லரில் வைத்திருக்கிறான்.

சுட்டவனும் ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்தானாம்,
பாஸ்போர்ட் சைஸில் நான்கு வேண்டும் என்று.
நேராகப் பார் என்றாளாம்.
பார்த்தானாம்.
காதுகள் தெரியவேண்டும் என்றாளாம்.
தலைமுடியை ஒதுக்கிக்கொண்டானாம்.

ராத்திரி என் வீட்டுக் குக்கரைப் பதிவுசெய்தேன்.
மூன்றாவது விசிலில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டாள்.
பருப்பு வேகவில்லை, சத்தம் கிடைத்தது.

படத்தைப் பெரிதாக்கினால்
அவன் காலுக்குப் பின்னால் ஏழு வாளிகள்.
வரிசை கலையவில்லை.
மூன்றாவதற்குக் கைப்பிடி இல்லை,
கயிறு கட்டியிருக்கிறது.
அப்போது நாங்கள் அந்தச் சந்தில்தான் இருந்தோம்.
எங்கள் வாளியிலும் கயிறுதான். நீல வாளி.
கறுப்பு வெள்ளையில்
எந்த வாளியும் நீலமில்லை.
அம்மாவிடம் நான் கேட்கவில்லை.

துப்பாக்கி இருக்கவேண்டிய இடத்தில்
தண்ணீரை வைத்து, கொஞ்சம் கூட்டினேன்.
வெறும் வாளியில் விழும்போது ஒரு சத்தம்,
ஏற ஏற வேறு.
நிரம்புவதற்குள்
அடுத்த படம் வந்துவிடுகிறது.