நாலாவது ஆள்

ஆர்வெல்லா டாக்கின்ஸின் ஆர்கன்
நானூறு பவுண்டுக்கு மேல் எடை.
நாங்கள் மூன்று பேர்.
நாலாவது ஆளை
அந்தந்த ஊரில்தான் தேடவேண்டும்.

யங்ஸ்டவுனில் ஆலையிலிருந்து நேராக வந்தவன்,
கைப்பிடியில் அவன் விட்டுப்போன கரி
மழையிலும் போகவில்லை.
டேட்டனில் ஒரு போதகர்,
கோட்டை மடித்து எங்கள் காரின் மேல் வைத்துவிட்டு
"வாசல் வரைக்கும்தான்" என்றார்.
வாசலிலேயே நின்றார்
கடைசிப் பாட்டு முடியும்வரை.

கார் என்றா சொன்னேன்?
சவவண்டி.
ஐம்பத்தெட்டில், விட்லோ ஈமக்கூடத்தில்
எழுநூறு டாலருக்கு வாங்கினாள்.
ஆர்கன் அளவெடுத்துத் தைத்த மாதிரி உள்ளே போனது.
நாங்கள் ஊருக்குள் நுழைந்தால்
வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள்.
அதே தெருவில் ஒரு மணி நேரம் கழித்து
காபி கேட்டால்
கதவின் பலகையைக் காட்டுவார்கள்.

இண்டியானாவில் ஒரு ஷெரிஃப் மறித்தார்.
பின்கதவைத் திறந்து
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு,
"செத்தது யார்?"
"இன்னும் யாரும் இல்லை சார்,
ராத்திரி வாசித்த பிறகு கேளுங்கள்."
கிட்டார் க்ளைடுக்கு முழங்கால் நடுங்கியது.
அவள் பெப்பர்மிண்ட் சப்பிக்கொண்டிருந்தாள்.

தாளத்தை எங்கே கற்றாய் என்று
பத்திரிகைக்காரர்கள் தேவாலயத்தின் பெயருக்குக்
காத்திருப்பார்கள்.
ஸ்கேட்டிங் கூடத்தில், என்பாள்.
புதன்கிழமை மட்டும் கறுப்பர்களுக்குத் திறப்பார்கள்.
இருநூறு குழந்தைகள், எண்ணூறு ஜோடிச் சக்கரம்
(அவள் கணக்கு அப்படித்தான்).
நான் ஒரு அடி பிசகினால்
யாராவது பல்லை உடைத்துக்கொள்வார்கள்.

முதல் இசைத்தட்டின் அட்டையில்
அவள் இல்லை.
யாரோ ஒரு மாடலின் கால்கள், சிவப்பு ஹீல்ஸ்.
அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.
"காலையாவது என்னுடையதாகப் போட்டிருக்கலாம்,
உழைத்தது அதுதானே."

இந்தக் காலைப் பற்றிச் சொல்லவேண்டும்.
ஆர்கனில் பாஸ் முழுக்கக் காலில் என்று
கேட்பவர்கள் நினைப்பார்கள்.
பொய்.
பாஸ் நடப்பது இடது கையில்.
இடது கால் மிதிகட்டையைத் தொட்டுத் தொட்டு எடுக்கும்,
அவ்வளவுதான்.
ஒரு சுவரம்கூட இல்லை அது;
சுவரத்துக்கு முன்னால் ஒரு தட்டு,
கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற மாதிரி.
இடது ஷூவைக் கழற்றி பெஞ்சுக்கடியில் வைத்துவிட்டு
ஸ்டாக்கிங்ஸோடு வாசிப்பாள்.
இருபத்தொரு வருடம்
அந்தத் தட்டின் மேல்தான்
என் வீட்டு வாடகை நின்றது.

எழுபத்தொன்பதில் சர்க்கரை
அந்தக் காலை எடுத்துக்கொண்டது,
கணுக்காலுக்கு மேல்.

அப்போது ஈரி நகரத்தில் ஒரு பாரில்
ஆர்கன் நிரந்தரமாக ஓர் மூலையில் இருந்தது.
சவவண்டியை எப்போதோ விற்றாகிவிட்டது.
மேடைக்கு மூன்று படி.
இந்த முறை தூக்கியது
அவளையும் சக்கர நாற்காலியையும்.
க்ளைடும் நானும் போதும்.
நாலாவது ஆளைக் கூப்பிட
பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தேன்.

முதல் பாட்டு.
இடது கை எப்போதும்போல் நடந்தது.
பாரில் முப்பது பேர்,
ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.
கை தட்டினார்கள், ஐஸ் கேட்டார்கள்.
எனக்கு மட்டும்
ஒவ்வொரு சுவரமும்
தட்டாமல் உள்ளே வந்தது.

இரண்டாவது பாட்டில்
பெரிய டிரம்மை மெல்ல, மிக மெல்ல,
அவள் கால் விழும் இடத்தில் மிதித்தேன்.
நாலு பார்.
ஐந்தாவதில் தலையைத் திருப்பாமலே,
"ரோஸெல்,
என் வீட்டிலிருந்து உன் காலை எடு."

எடுத்தேன்.

அன்று இரவு மிச்சம் முழுக்க
அந்த இடத்தைச் சுற்றி வாசித்தோம்,
தரையில் பலகை பெயர்ந்த இடத்தை
வீட்டுக்காரர்கள் இருட்டில் தாண்டுவதுபோல.
நாற்காலியின் பிரேக் லேசாகத் தளர்ந்து
அவ்வப்போது டிக் என்றது.
அது தாளத்தில் இல்லை.
அவள் சிரித்தாள்.