பதின்மூன்றா, பதினைந்தா

ஊமன்னாக் துறைமுகம், மீன் ஆலைக்குப் பின்புறம் எங்கள் கடை.
மரம் என்று ஒன்று முளைக்காத ஊர்.
இங்கே இலை என்றால்
சுவர் ஆணியில் தொங்கும் இவைதான்:
மூவிலை, நாலிலை,
கறுப்புப் பூச்சில் அலுமினியம், முகம் தெரியும் எஃகு.

ஜூன் பாதி. உறங்கப் போகும் நேரத்திலும் வெயில்.
உல்லோரியாக் வந்தான்.
கையுறையைக் கழற்றாமல் மேசையில் கையூன்றி,
"அவியாயா, எஞ்சின் கத்துகிறது" என்றான்.

முள் எங்கே நிற்கிறது?
"முழுசாக முடுக்கினால் ஆறாயிரத்து முந்நூறு."
ஆறாயிரத்தைத் தாண்டக் கூடாதே.
"தெரியும். போன வருஷம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்.
அதே படகு, அதே எஞ்சின்,
அதே பதின்மூன்று."

பதின்மூன்று என்பது பிட்ச்.
தண்ணீர் மட்டும் மரக்கட்டை போலக் கெட்டியாக இருந்தால்
ஒரு சுற்றில் புரொப்பெல்லர் துளைத்துப் போகும் அங்குலம்.
தண்ணீர் கெட்டியில்லை.
கணக்குப் போட்ட இடத்துக்கும்
போய்ச் சேர்ந்த இடத்துக்கும் நடுவே
எப்போதும் ஒரு வழுக்கல்.
நூற்றுக்குப் பத்து, பதினைந்து என்றால் வழக்கம்தான்,
யாரும் அதற்காகக் கடைக்கு வருவதில்லை.

படிவத்தில் உள்ளபடி கேட்டேன்.
நீளம்? பதினெட்டு அடி.
ஓடு? கண்ணாடியிழை.
என்ன ஏற்றுவாய்?
ஹாலிபட் பெட்டி, தூண்டில் கயிறு, சில நாள் ஒரு சீல்.
எத்தனை பேர்?

"நாலு."

வாய்க்குப் பழகிய எண்.
நான் எழுதவில்லை.

சின்ன ஊர். செப்டம்பரில் ஹெலிகாப்டர் ஏறிய
மூன்று பேரின் பெட்டிகளை
எடைமேடையில் தூக்கி வைத்ததே என் தம்பிதான்.
வாய் சொல்வதை எஞ்சின் கேட்பதில்லை.
முன்பலகையில் தேநீர்க் குடுவையை மடியில் இடுக்கியவள் இல்லை,
நடுப்பலகையில் காலுதைத்துச் சண்டை போடும் இரண்டு இல்லை,
கூடாரம் இல்லை, ரொட்டிக் கூடை இல்லை,
அதனால் நானூறு சுற்று கூடுதல்.
அது ஒளிக்காமல் கத்துகிறது, அவ்வளவுதான்.

"பதினைந்து போடு" என்றேன்.
"முள் ஆறாயிரத்துக்குள் இறங்கும். தனியாகப் போனால் பறக்கும்.
நாலு பேரும் மீனும் ஏறினால் மட்டும்
மூக்கைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் உழும், எழும்பாது."

கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான்.
"பதினாலு இல்லையா?"
"இருக்கிறது. அது இரண்டு பேருக்கு."
சிரித்தோம் என்றுதான் நினைக்கிறேன்.
வெளியே நாயொன்று சங்கிலியை இழுத்தது.

எஃகைத் தொட்டுப் பார்த்தான். வேண்டாம் என்றேன்.
பனிக்கட்டியில் இடித்தால் எஃகு அசையாது,
அடி முழுவதும் உள்ளே போய்
கியரின் பல்லை உதிர்க்கும்.
அலுமினியம் முதலில் தான் நெளிந்துவிடும்.
நெளிந்ததைக் கழற்றலாம், இன்னொன்று மாட்டலாம்.
கியர்ப் பெட்டி விலைக்கு
நான் இந்தக் கடையையே விற்க வேண்டும்.

பணம் எண்ணி வைத்தான். பழையதைக் கேட்டேன்,
உருக்கக் கொடுத்தால் கழிவு உண்டு.
இலை ஓரத்தில் சின்னச் சின்னக் கடி,
நடுவில் பிசகாத நேர்.
கொடுக்கவில்லை.
"ஜூலை இரண்டாம் வாரம் வருகிறார்கள். பத்து நாள்."
சாக்கில் சுற்றிப் பின்பலகைக்குக் கீழே வைக்கப் போகிறானாம்.

மாற்றுவது பெரிய வேலையில்லை.
பின்னை நிமிர்த்து, மரையைக் கழற்று,
தண்டுக்குக் கிரீஸ் தடவு,
மற்றதை ஏற்று, இறுக்கு, பின்னை வளை.
பத்து நிமிஷம், கை விறைத்தால் இருபது.
பத்து நாள் கழித்து மறுபடி அதையே தலைகீழாக.

தடுக்குவது அந்தப் பின்தான்.
வளைத்து, நிமிர்த்து, வளைத்தால்
எந்த முறை ஒடியும் என்று சொல்ல முடியாது.
புதியது நான்கு எடுத்துப் பையில் போட்டேன்.
ரசீதில் எழுதவில்லை.