நாலரை அடி

ஒற்றையர் ஆட்டத்தில் 'அவுட்' என்று கத்துவார்களே,
அந்தக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே
நாலரை அடி அகலத்தில் ஒரு செம்மண் பட்டை.
பதினேழு வருடமாக அதில்தான் என் குடித்தனம்.

ட்ர்னாவாவில் வங்கிக்காரி கேட்டாள்:
"டென்னிஸா? உங்களை டிவியில் பார்த்ததில்லையே?"
நான் இறங்குவதற்குள் கேமராவைச் சுருட்டிவிடுவார்கள், அம்மணி.
ஒற்றையர் நாயகன் கையசைத்துக் கிளம்ப
அவன் பின்னாலேயே கூட்டமும் கிளம்ப
காலி பாட்டில்கள் உருளும் படிக்கட்டுகளுக்கு நடுவே
ராத்திரி எட்டேகாலுக்கு எங்களைக் கூப்பிடுவார்கள்.
வீட்டுக் கடன் படிவத்தில்
தொழில் என்ற இடத்தில் 'பாதி' என்று எழுதினேன்.
இல்லை, எழுதவில்லை. எழுதத் தோன்றியது.

இருவர் தரவரிசையைக் கூட்டினால்தான் பட்டியலில் இடம்.
கூட்டல் கணக்கில் பிழைத்தவன் நான்.
காசோலையில் பாதி, மைதானத்தில் பாதி,
ஓஸ்த்ராவா விடுதியில் இருந்த ஒற்றை ஹீட்டரிலும் பாதி:
நடுநிசி வரை அவன் கட்டில் பக்கம்,
பிறகு என் பக்கம்.

அவன் என்றால் அன்செல்மோ.
உருகுவேயில் சால்த்தோ அவன் ஊர்.
ஒன்பது பேரோடு ஆடியிருக்கிறேன், அவனோடு மட்டும் ஆறு வருடம்.
அவனுடைய ஸ்பானிஷ் எனக்கு ஏறவில்லை.
என் ஸ்லோவாக்கில் அவன் கற்றது இரண்டே சொல்.
மோய்: என்னுது.
த்வோய்: உன்னுது.
நடுவில் வரும் பந்துக்கு அது போதும்.
சண்டைக்கும் போதுமாக இருந்தது.
சாப்பாட்டுக் கடையில் பில் வந்தால்
கூரையைப் பார்த்தபடி "த்வோய்" என்பான்.
மகள் பிறந்த சேதி வந்த அன்று
போனை என் மூக்குக்கு நேராக நீட்டி
"மோய்" என்றான்.
பெண்பாலுக்கு அது மோயா.
நான் திருத்தவில்லை.

வலைக்கருகே குனிந்து
முதுகுக்குப் பின்னால் நான் காட்டும் விரல்களை
அத்தனை வேகமாகப் படித்தவன் வேறு யாருமில்லை.
என் முகத்தைவிட என் முதுகை அதிகம் பார்த்தவன்.

பிப்ரவரியில் ஒரு குறுஞ்செய்தி:
சகோதரா, இனி க்வெனாயேலோடு ஆடப்போகிறேன்.
பிரெத்தான் பையன், இருபத்து மூன்று வயது,
சர்வ் போட்டால் பலகை அதிரும்.
முட்டிக்கு ஐஸ் வைத்துக் கட்டியிருந்தேன்.
உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன்.
ஐஸ் உருகி விரிப்பு முழுக்க ஈரமானதை
வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

ஜூலையில் கிட்ஸ்பூஹெல். காலிறுதி.
என் பக்கத்தில் அந்த வாரத்துக்கு மட்டும் அமைந்த தாவெத்தி,
'ம்' என்பதைக்கூட யோசித்துச் சொல்லும் ஃபின்லாந்துக்காரன்.
வலைக்கு அந்தப் பக்கம் அன்செல்மோ.
பார்க்க நாற்பது பேர், அதில் இரண்டு பேர் தூக்கம்,
மலைச்சரிவில் எங்கோ மாட்டு மணி.
சூப்பர் டைபிரேக், ஒன்பது எட்டு, முன்னிலை எங்களுக்கு.

பையனின் சர்வ் என் மட்டை விளிம்பில் பட்டு
கோணலாக எழும்பியது.
'லாப்' என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.
அவர்கள் இருவருக்கும் நடுவே,
இருவர் தலைக்கும் மேலே

"த்வோய்!"

அன்செல்மோதான். வாய்ப் பழக்கம்.
பையனுக்கு அது வெறும் சத்தம், நின்றுவிட்டான்.
சொல்லிவிட்ட தைரியத்தில் இவனும் விலகி நின்றான்.
பந்து இறங்கி
மண்ணில் ஒரு சின்ன வட்டத் தழும்பு வைத்துவிட்டுப் போயிற்று.

தாவெத்தி என் தோளைத் தட்டத் தேடியபோது
நான் என் இடத்தில் இல்லை.
அந்தக் குரல் கேட்டதும் கால் கிளம்பிவிட்டது.
வலைக்கு ஒரு முழம் இருக்கையில்தான் உறைத்தது,
நானே அடித்த பந்தை எடுக்க
அவன் பக்கத்துக்கு
ஓடிக்கொண்டிருந்தேன்.