போனி

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
டயர்க் கடை மாடியில் எங்கள் அலுவலகம்.
செம்பனை ஆலைகளுக்கு நிறுவை மென்பொருள்:
லாரி உள்ளே போகையில் ஓர் எடை,
வெளியே வருகையில் ஓர் எடை,
கழித்தால் குலை.

நேற்றிரவு அனுப்பிய நிரல்
விடிகாலை ஆறரைக்கு ஆலையில் எழ மறுத்தது.
நிறுவை மேடையிலிருந்து கோமளேஸ் கூப்பிட்டாள்.
"ஏதோ லைப்ரரி காணோமாம். பதினோரு லாரி நிக்குது."
காத்திருக்கும் பழத்தில் அமிலம் ஏறும்.
எனக்கும்தான்.

தவறு என்னுடையது.
ஒரு வகை லைப்ரரி, கட்டும்போதே நிரலுக்குள் கரைந்துவிடும்,
மாவில் உப்பு மாதிரி.
அப்புறம் அதைப் பிரிக்கவும் முடியாது, தொலைக்கவும் முடியாது.
இன்னொரு வகை வெளியே நிற்கும்.
ஓடும் நேரத்தில் கூப்பிட்டால் வரும்,
ஒன்றே பத்துப் பேருக்கு உழைக்கும்,
ஊரில் இருந்தால்.
என் கணினியில் இருந்தது.
இடம் மிச்சமாகுமே என்று அதைத் தேர்ந்தேன்.
மிச்சம் பிடித்தது நானூறு கிலோபைட்.

மேக்ஃபைலைத் திருத்தினேன். இனி எல்லாம் உள்ளே.
மேக் என்றேன்.
செய்ய ஒன்றுமில்லை என்றது.
மூலத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லையே,
தேதி சரியாகத்தானே இருக்கிறது என்கிற
கிராணிக் கணக்கு.
சரி, பழையதை எல்லாம் துடைத்துவிட்டுக் கட்டு:
மேக் கிளீன்.
கிளீன் ஏற்கெனவே தயார் என்றது.

துடைக்காத வீடு சொல்கிறது, துடைத்தாயிற்றென்று.
பதினாலு லாரி.
ஆறிப்போன கோப்பியில் ஓர் எறும்பு.

கோப்புறையைத் திறந்தேன்.
நடுவில், வால் இல்லாமல், கிளீன் என்றொரு கோப்பு.
தயாநேசன் வைத்தது.
வியாழக்கிழமை கழுவிய லாரிகளின் பட்டியல்.
வேறெங்கே வைப்பதென்று தெரியவில்லையாம்.

இலக்குகளில் பெரும்பாலானவை பொருள்களின் பெயர்கள்.
நிரல், லைப்ரரி, முடிந்ததும் வட்டில் தங்கும் ஏதோ ஒன்று.
மேக் அதன் தேதியை மட்டும் பார்க்கும்.
சில இலக்குகள் அப்படியல்ல. துடை. சோதி. அனுப்பு.
நடந்த பிறகு கையில் எதையும் தராதவை,
தோட்டத்து விடியற்காலைப் பெரட்டு மாதிரி.
நேற்றைய பெரட்டு இன்றைக்குச் செல்லாது.
பெரட்டு என்று தலைப்பிட்ட காகிதம் மேசையில் கிடப்பதால்
ஒருவரும் வெளிக்காட்டுக்குப் போய்விட்டதாக ஆகாது.

இதை மேக்கிடம் சொல்ல ஒரு வரி இருக்கிறது.
புள்ளி வைத்து, ஃபோனி.
போலி என்று அர்த்தம்.
போலி என்று ஒப்புக்கொண்டதைத்தான்
அது சொல்லும்போதெல்லாம் மெய்யாகவே செய்யும்.

எழுதினேன். துடைத்தது. கட்டியது. அனுப்பினேன்.
பட்டியலை அழிக்கவில்லை;
'கழுவிய லாரி' என்று பெயர் மாற்றி
தயாநேசனிடமே கொடுத்தேன்.

ஏழு ஐம்பதுக்குக் கோமளேஸிடமிருந்து ஒரு படம்:
திரையில் முதல் லாரி, இருபத்தொன்பது டன் சொச்சம்.
கீழே, மேக்ஃபைல் என்றால் என்னவென்றே அறியாதவள்,
ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்.

போனி.