தேங் மோ

அட்டைப்பெட்டியின் மடிப்பைக் கிழித்து
நீலப் பேனையால் எழுதிக்கொண்டேன்:
கத்தரிக்காய், மக்குவா.
மிளகாய், ப்ரிக்.
பாசிக்குடா ஹோட்டலின் பின்வாசல்,
காலை ஐந்தே முக்கால்,
பட்டா லொறியின் எஞ்சின் இன்னும் சூடாறவில்லை.

சமையற்காரி பிம்ஜைக்குத் தமிழ் இல்லை, சிங்களம் இல்லை,
ஆங்கிலத்தில் 'நோ குட்' மட்டும் உண்டு.
அதைத் தக்காளியைப் பார்த்துச் சொன்னால்
ஐந்து கிலோ என் தலையில்.
நட்டம் படிப்பித்த மொழி இது.

மாங்காய் மமுவாங், எலுமிச்சை மனாவ்,
பப்பாசி மலகோ, புளி மக்காம், தேங்காய் மப்ராவ்.
எதைத் தொட்டாலும் முன்னால் ஒரு 'ம' நிற்கிறது
வாசற் காவல்காரன் மாதிரி.
மா தானே, லேசு என்றேன்,
என் ஊரே ஓட்டமாவடி.
அவ விரலால் காற்றில் கோடு கீறினா:
'மா'வைத் தாழ்த்தி ஏற்றினால் நாய்,
உச்சியில் பிடித்தால் குதிரை,
நேரே விட்டால் 'வா'.
மாம்பழம் கொண்டுவரச் சொன்ன இடத்தில்
குதிரை ஏற்ற என் லொறி காணாது.

பலாப்பழம் கனுன்.
காதிக் கோட்டில் என் மச்சான்
இரண்டு வருஷமாய் அலைவதும் கானூனுக்குத்தான்.
இரண்டிலும் பால் ஒட்டும்,
கையில் எண்ணெய் பூசாமல் இறங்கக்கூடாது.

கொய்யா ஃபராங்.
நீச்சல் தடாகத்தில் மல்லாந்து கிடக்கும் வெள்ளைக்காரரும் ஃபராங்.
மட்டக்களப்பில் பறங்கியர் இருக்கிறார்கள் என்றேன்,
பறங்கிக்காயும் இருக்கிறது என்றேன்.
விளங்கினதோ தெரியாது, தலையாட்டினா.
எந்தக் கப்பலில் வந்த சொல்லோ,
இங்கே பூசணிக்குள் இறங்கி
அங்கே கொய்யாவுக்குள் ஏறியிருக்கிறது.

பிறகு அந்த வெள்ளி இரவு.
போனில் பாதி கடல், பாதி பிம்ஜை.
'தேங்...' பிறகு இரைச்சல். பிறகு 'சீ சிப்'.
நாற்பது. எண்ணில் நான் பிழைக்கமாட்டேன்.
மப்ராவ் தெரிந்திருந்தும்
இருட்டில் காது சொந்த வீட்டுக்கே ஓடியது:
தெங்கு.
விடிய, உரித்த தேங்காய் நாற்பதை
வரிசையாய் இறக்கி வைத்தேன்.

அவ கேட்டது வத்தகப்பழம். தேங் மோ.
கொழும்புக் கலியாணம், இருநூறு பேர்.
'நோ குட்' சொல்லக்கூட அவவுக்கு வாய் வரவில்லை.
ஓட்டமாவடி, வாழைச்சேனை, வழியோரப் பந்தல் எல்லாம் திரிந்து
முப்பத்தொன்று பிடித்தேன்.

மாதக் கடைசி, கணக்காளர் நிலந்த
என் பில்லைத் தலைகீழாகவும் பார்த்தார்.
'இது தமிழா?'
எழுத்துத் தமிழ் என்றேன்.
'வாசி, காசு தாறன்.'

வாசித்தேன். மக்குவா பன்னிரண்டு கிலோ.
ப்ரிக் மூன்று. மரா நாலு.
உள்ளே கத்தி நின்று,
'மரா' என்று திருத்தியது ஒரு குரல்.
எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது.
தேங் மோ முப்பத்தொன்று.
மப்ராவ் நாற்பது.

திரும்பவும் கத்தி நின்றது.
குசினிக் கதவால் தலையை நீட்டி,
'தேங்காய்' என்றா பிம்ஜை,
'காய்' மட்டும் கொஞ்சம் உயரத்தில்.